மலையில் யார் துரை?

நம்மவர்க்கு மலை என்றவுடன் நினைவுக்கு வருவது கோயில். கோயில் என்றவுடன் படிகள். பத்துமலையின் 272 படிகளையும் மூச்சிரைக்க ஏறி இறங்கிய ஒருவர், தம்மையும் மலையேறியவருள் ஒருவராகக் கணக்கிட்டுக்கொள்வதில் வியப்பொன்றுமில்லை. ஆயினும் அங்கே வழி தவறுவதற்கு இடமில்லை. பற்றிக்கொள்ளக் கைப்பிடி இருக்கிறது. மழை வந்தால் குகைக்குள் ஒதுங்கலாம். இறங்கியவுடன் இளநீர் கிடைக்கும். படி முடிந்து பாறை தொடங்கும் மலை, நாம் முன்பின் கண்டறியாத மலை, அதுவும் மழையும் காற்றும் சேர்ந்தடிக்கும் இரவு என்றால், ஆங்கு வேண்டப்படும் குணம் வேறு. அக்குணம் நம்மிடம் நிறைய உண்டு என்று நாம் பல்லாண்டுகளாக நம்பியிருந்தோம். இல்லை என்பதைச் சபா மாநிலத்துக் கினபாலு மலை ஒரே இரவில் மெய்ப்பித்துவிட்டது. அவ்விஷயத்தை மறைக்காமல் எழுதுவது வாசகர்க்குப் பயன்படும் என்று கருதியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம். இதில் நமக்குப் பெருமை தரத்தக்கது யாதொன்றும் இல்லை என்பதை முன்னரே சொல்லிவிடுகிறோம்.

1997ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள், எம். மகேந்திரன், என். மோகனதாஸ் என்னும் இருவர், மலேசியர்களுள் முதன்முதலாக எவரெஸ்டுச் சிகரத்தில் காலடி வைத்தனர். அச்செய்தி வந்த நாளில் பிரிக்பீல்ட்ஸ் தேநீர்க் கடைகளில் இருந்த மகிழ்ச்சியைக் கண்டவர் மறந்திரார். பனி பெய்யாத நாட்டில் பிறந்து, உலகிலேயே உயர்ந்த பனிமலையின் உச்சிக்கு நம்மவர் இருவர் சென்றுவிட்டனர் என்று முன்பின் அறியாதவர்கள் கைகுலுக்கிக்கொண்டனர். அன்று முதல் நம் உள்ளத்தில் ஓர் ஆசை வேரூன்றிற்று. எவரெஸ்டு நமக்கு எட்டாது. 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலுவையேனும் ஒருமுறை ஏறிப் பார்த்துவிட வேண்டும் என்பதே அது. வேலையும் குடும்பமும் அவ்வாசையை ஆண்டு பலவாகத் தள்ளிவைத்தன. முடிவில், வயது ஐம்பதைக் கடந்த பின்னர், ஐவர் கொண்ட ஒரு குழு சேர்ந்தது. கிள்ளானில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், அதே நகரில் தாதியாகப் பணிபுரியும் அம்மையார் ஒருவர், பிரிக்பீல்ட்ஸில் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், நம் தம்பி மகன், நாம். தம்பி மகனுக்கு வயது இருபத்திரண்டு.

ஆறு மாதம் பயிற்சி செய்தோம். ஞாயிறுதோறும் பத்துமலைப் படிகளை ஐந்து முறை ஏறி இறங்கினோம். வேண்டுதல் நிறைவேற்ற வந்தவர்கள் எங்களுக்கு என்ன பெரிய வேண்டுதலோ என்று இரக்கத்தோடு பார்த்தனர். உலு லங்காட்டிலுள்ள நுவாங் மலைக்கு இரண்டு முறை சென்றோம். அது 1,493 மீட்டர் உயரமுடையது.  இரண்டாம் முறை நல்ல மழையில் அகப்பட்டுக்கொண்டு, கால் முழுதும் அட்டை கடித்த குருதியோடு இருட்டிய பின் இறங்கி வந்தோம். இறங்கியவுடன் கடைக்கார நண்பர், “இனி எந்த மழைக்கும் நாம் அஞ்சவேண்டியதில்லை” என்றார். அதனை மறுத்துச் சொல்ல நமக்குத் தோன்றவில்லை. மறுக்காதது மட்டுமன்று. “நாம் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள், மழை நமக்குப் புதிதா?” என்றும் சேர்த்துச் சொன்னோம். அச்சொல் பின்னர் நம்மை எவ்விதம் சுட்டது என்பதை இனிக் கூறுவோம்.

ஓர் ஆண்டிறுதி விடுமுறையில் விமானமேறிக் கோத்தா கினபாலுவுக்குச் சென்றோம். மறுநாட் காலை கினபாலுப் பூங்காவை அடைந்தோம். 1964இல் அமைக்கப்பட்ட அப்பூங்கா, 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களின் வரிசையிற் சேர்க்கப்பெற்றது. அங்கே வழிகாட்டி இல்லாமல் எவரையும் மலைமேல் விடுவதில்லை. எங்களுக்கு அமர்ந்த வழிகாட்டி, மலையடிவாரத்துச் சிற்றூரொன்றைச் சேர்ந்த டூசுன் இனத்தவர். நாற்பத்தைந்து வயதிருக்கலாம். குள்ளமான, ஒடிசலான மனிதர். காலில் விலை குறைந்த ரப்பர் காலணி. தோளில் ஒரு பழைய பை. எங்கள் கால்களிலோ கோலாலம்பூர்ப் பேரங்காடியில் பல நூறு வெள்ளி கொடுத்து வாங்கிய காலணிகள். அவரைப் பார்த்தவுடன், இவர் நம் மூட்டையைச் சுமக்க வந்தவர் என்று நாம் எண்ணினோம். இவ்வெண்ணத்தை எழுதவே இப்பொழுது கூச்சமாயிருக்கிறது.

திம்போஹோன் என்னும் வாயில் 1,866 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்றம் அங்குத்தான் தொடக்கம். இரவு தங்குமிடமாகிய லாபான் ராத்தா 3,272 மீட்டர். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 6 கிலோமீட்டர் நடை. நடை என்பதைவிடப் படியேற்றம் என்பதே பொருந்தும். வேர்களும் கற்களும் மரப்பலகைகளும் மாறி மாறி வரும் படிகள் அவை. பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. நுவாங் மலையில் பெய்தது வெதுவெதுப்பான மழை. அதில் நனைந்தால் உடம்பு குளிர்ந்து இன்பமாயிருக்கும். இது வேறு மழை. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி குறையும் என்று பள்ளியிற் படித்ததுண்டு. படித்ததைத் தோலும் எலும்பும் அன்றுதான் அறிந்தன. நம் உடம்பில் இருந்தது பருத்திப் பனியன். ஈரமான பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிக் காற்றுக்குக் கொடுத்துவிடும் என்பதைத் தாதி அம்மையார் முன்னமே எடுத்துரைத்திருந்தார். “பருத்தியைவிட நல்ல துணி உண்டா?” என்று சொல்லி அவர் வாயை அடைத்தவர் நாமே.

மாலையில் லாபான் ராத்தாவை அடைந்தபோது தம்பி மகனின் முகம் வெளுத்திருந்தது. இரவுணவைத் தட்டில் வைத்துக்கொண்டு பிசைந்தானேயன்றி உண்ணவில்லை. கேட்டால், “களைப்புத்தான் பெரியப்பா, தூங்கினால் சரியாகிவிடும்” என்றான். தலைவலியும் வாந்தியும் இருந்ததை அவன் மறைத்தான் என்பது பின்னரே தெரிந்தது. தன்னால் எல்லோர் பயணமும் கெட்டுவிடுமே என்று அஞ்சி மறைத்திருக்கிறான். மறைக்கும் பழக்கத்தை அவன் யாரிடம் கற்றான்? வலியைச் சொல்வது ஆண்மைக்கு இழுக்கு என்று வீட்டில் ஓயாமற் பேசும் நம்மைப் போன்ற பெரியவர்களிடந்தான்.

அவ்வுயரத்தில் காற்று மெலிந்திருக்கும். கினபாலு உச்சியில் காற்றின் அழுத்தம், கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கே. மூச்சு ஒன்றுக்குக் கிடைக்கும் பிராணவாயுவும் அதே அளவில் குறைந்துவிடும். சிலர் உடம்பு அதனைத் தாங்கும். சிலர் உடம்பு தாங்காது. இளமையும் வலிமையும் இதில் துணை செய்வதில்லை. பந்தாட்ட வீரன் படுத்துவிடுவான், கிழவர் நடந்துவிடுவார். முதலில் தலைவலி, பின் குமட்டல், பின் தடுமாற்றம், அதன்பின் மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்து உயிருக்கே ஆபத்து. இதற்கு முதல் மருந்து ஒன்றுதான். தாமதமின்றிக் கீழே இறங்குவது.

நிற்க. விடியற்காலை இரண்டு மணிக்கு எழுப்பினார்கள். மழை விட்டுத் தூறலாகியிருந்தது. இரண்டரை மணிக்கு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு புறப்பட்டோம். மரப்படிகள் முடிந்ததும் மரங்களும் முடிந்தன. அதற்குமேல் கருங்கற்பாறை, மண்ணில்லை, செடியில்லை. பாறையின்மேல் ஒரு வெள்ளைக் கயிறு கிடந்தது. அதனைப் பிடித்துக்கொண்டு ஏறவேண்டும். கயிறு விறைத்துக் குளிர்ந்திருந்தது. நமக்கு முன்னே பல விளக்குகள் வரிசையாக இருளில் ஏறிக்கொண்டிருந்தன. 3,668 மீட்டர் உயரத்தில் சாயாட் சாயாட் என்னும் சோதனைச் சாவடி இருக்கிறது. அதனை நாம் இன்னும் எட்டவில்லை. அப்பொழுது காற்று திரும்பிற்று. தூறல் மழையாயிற்று.

வழிகாட்டி நின்றார். குனிந்து பாறையின்மேல் உள்ளங்கையை வைத்தார். சற்று நேரம் அப்படியே இருந்தார். பின் எழுந்து, “பாக்சிக், இதற்குமேல் போகவேண்டாம். இறங்குவோம்” என்று மலாயில் சொன்னார்.

நாம் மேலே போகும் விளக்குகளைச் சுட்டிக்காட்டினோம். “அவர்கள் போகிறார்களே?” என்றோம். “அவர்களும் திரும்புவார்கள்” என்றார். தாதி அம்மையார் உடனே, “அவர் சொல்வதைக் கேட்போம்” என்றார். கடைக்கார நண்பர், “பெண்களுக்கு அச்சம் இயற்கைதானே” என்று சிரித்தார். நாமும் சிரித்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. பெண்ணுரிமை பற்றி மேடைதோறும் பேசிய வாய், ஒரு பெண் தகுந்த யோசனை சொன்ன வேளையில் சிரித்தது.

அதோடு விட்டோமில்லை. ஆறு மாதப் பயிற்சியும், செலவழித்த பணமும், ஊரில் சொல்லிவிட்டு வந்த வீரமும் ஒன்றுசேர்ந்து கோபமாக உருவெடுத்தன. வழிகாட்டியைப் பார்த்து, “ஏற்றிவிடத்தான் பணம் கொடுத்தோம், பாதியில் இறக்கிவிட அன்று. இங்கே முதலாளி யார்?” என்று கேட்டோம்.

அவர் கோபிக்கவில்லை. பதிலும் சொல்லவில்லை. நம் கையுறையைக் கழற்றச் சொல்லி, கையைப் பிடித்துப் பாறையின்மேல் வைத்தார். பாறையின்மேல் நீர் ஓடிக்கொண்டிருந்தது. மெல்லிய நீர்தான், ஆனால் அதில் மணல் நெருநெருத்தது. “இது இங்கே பெய்த மழை இல்லை. இங்கே இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. இது மேலிருந்து வருகிறது. மேலே நெடுநேரமாகப் பெய்கிறது. இன்னும் சிறிது நேரத்தில் இந்தப் பாறை ஆறாகிவிடும்” என்றார். பிறகு தம்பி மகனைக் காட்டினார். “புறப்படும்போது அவன் பெயரைக் கேட்டேன், தகப்பன் பெயரோடு சேர்த்துச் சொன்னான். இப்போது கேட்டேன், என் கேள்வியையே எனக்குத் திருப்பிச் சொல்கிறான்” என்றார்.

அந்த இடத்தில் நம் பாட்டியின் நினைவு வந்தது. அது தானாக வரவில்லை. பாறையின்மேல் வைத்த அந்தக் கைதான் அதனைக் கொண்டுவந்தது.

நம் பாட்டி கிள்ளானை அடுத்த ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். ரப்பர் மரத்தை நன்கு அறிந்தவர்க்கு ஒன்று தெரியும். பட்டை ஈரமாயிருக்கும்போது வெட்டினால் பால் கோட்டின் வழியே மங்குக்கு வராது. பட்டை முழுதும் பரவி வழிந்து வீணாகும். வெட்டிய பின் மழை வந்தால் மங்கிலுள்ள பாலையும் அடித்துக்கொண்டு போய்விடும். ஈரப்பட்டையில் வெட்டிய காயத்தில் பூஞ்சணம் பிடித்து மரமே கெட்டுப்போவதும் உண்டு. ஆகவே மழை ஓய்ந்த காலைகளில் பாட்டி, பெரட்டுக்குப் போகும் வழியில் மரத்தின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். பார்த்தவுடன் வெட்டலாமா கூடாதா என்று சொல்லிவிடுவார். நாம் சிறுவராயிருந்தபோது அவருக்குப் பின்னால் நடந்து போய், அப்படியே கையை வைத்துப் பார்த்து, ஒன்றும் விளங்காமல் நின்றிருக்கிறோம்.

பாட்டி இளம்பெண்ணாயிருந்த காலத்தில், இரண்டாம் உலகப்போருக்கு முன், ஒருநாள் நடந்ததை அவர் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறோம். இரவெல்லாம் மழை. விடியலில் சற்று விட்டிருந்தது. அவர் மரத்தைத் தொட்டுப் பார்த்து, “இன்றைக்கு வெட்டினால் மரமும் போகும், பாலும் போகும்” என்று பெரட்டில் சொல்லியிருக்கிறார். அக்காலத்தில் கங்காணிக்கு, அன்றன்று வேலைக்கு இறங்கிய ஆட்களின் எண்ணிக்கைப்படி தலைக்காசு உண்டு. ஆள் இறங்காவிட்டால் அவருக்குக் காசில்லை. மரம் கெட்டால் அவருக்கு நஷ்டமில்லை. அவர் பாட்டியைப் பார்த்து, “நீ என்ன துரையா?” என்று கேட்டாராம். எல்லோரும் இறங்கினார்கள். பத்து மணிக்கு மழை கொட்டிற்று. பால் முழுதும் மண்ணோடு போயிற்று. பால் வரவில்லையென்று அன்றைக்கு அரைநாட் கூலியே கணக்கில் ஏறிற்றாம். கூலி போனதைவிட அந்தக் கேள்வியையே பாட்டி நெடுநாள் நினைவில் வைத்திருந்தார். மரத்தை அறிந்தவர் அவர். கட்டளையிட்டவர் மரத்தைத் தொட்டும் பாராதவர். அறிந்தவர் வாயைத் திறந்தால், “நீ என்ன துரையா?” என்பது விடை.

அக்கேள்விக்கு நம் முன்னோர் ஒருநாள் எதிர்க்கேள்வி போட்டனர். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வு மட்டுமா கேட்டார்கள்? துரைமார் எதிரே வந்தால் மிதிவண்டியை விட்டு இறங்கி நிற்கவேண்டும் என்னும் இழிவு ஒழிய வேண்டும் என்றும் கேட்டார்கள். படை வந்தது, துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் பறிபோயின. பணமும் பதவியும் இருப்பதாலேயே ஒருவர் சொல்லுக்கு மற்றொருவர் தலைவணங்க வேண்டியதில்லை என்பதே அவர்கள் நமக்கு விட்டுச்சென்ற சொத்து. அச்சொத்தில் வளர்ந்து, படித்து, நகரில் வீடு கட்டி, நல்ல காலணி வாங்கி மாட்டிக்கொண்டு, கினபாலு மலையின் பாறைமேல் நின்று நாம் கேட்டது என்ன? “இங்கே முதலாளி யார்?” என்பது. கங்காணி கேட்ட அதே கேள்வி. மொழிதான் வேறு.

தோட்டத்தில் பிறந்ததனால் மழையை அறிவோம் என்று பெருமை பேசினோமல்லவா? மழையை அறிந்தவர் பாட்டி. நாம் அறிந்தது பாட்டியின் பெருமையைப் பேச மட்டுமே. அறிவு குருதியில் வருவதன்று. கையால் தொட்டுத் தொட்டுச் சேர்ப்பது. அன்றிரவு அவ்வறிவு டூசுன் மனிதர் ஒருவரின் உள்ளங்கையில் இருந்தது.

“இறங்குவோம்” என்றோம். மேலும் ஒரு சொல் சொல்லவில்லை.

வழிகாட்டி தம்பி மகனின் இடுப்பில் கயிறு கட்டித் தம் உடம்போடு பிணைத்துக்கொண்டு முன்னால் இறங்கினார். ஏறியபோது ஈரமாயிருந்த பாறையில் இப்பொழுது காலணி முழுகும்படி நீர் ஓடிற்று. ஆசிரியர் ஒருமுறை வழுக்கிக் கயிற்றில் தொங்கினார். தாதி அம்மையார் அவரைப் பிடித்து நிறுத்தினார். லாபான் ராத்தாவை அடைந்து நெடுநேரம் ஆகுமுன்னே, மேலே ஏறிய விளக்குகளும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அன்று உச்சிக்கு எவரையும் விடவில்லை. விடிந்த பின் பார்த்தோம். நாம் கயிறு பிடித்து நின்ற பாறைச்சரிவில் வெள்ளை வெள்ளையாக அருவிகள் விழுந்துகொண்டிருந்தன. காண்பதற்கு மிக அழகாயிருந்தன. அவ்வழகை நோக்கி நிற்க நமக்கு மனம் வரவில்லை.

தம்பி மகனை மேலும் கீழே இறக்கினோம். 2,700 மீட்டர் அளவில், லாயாங் லாயாங் என்னுமிடத்தில் அவன் தானாகவே பசிக்கிறது என்றான். அச்சொல்லைப்போல் இனிய சொல்லை நாம் அண்மையிற் கேட்டதில்லை. திம்போஹோன் வாயிலில் வழிகாட்டியிடம் நம் பேச்சுக்காக மன்னிப்புக் கேட்டோம். அவர் அதனைப் பெரிதுபடுத்தாமல், “பாக்சிக் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவராமே? ஆசிரியர் சொன்னார். என் தாயும் பால் வெட்டினார். எங்களுக்கு ஒரு சிறு காணி உண்டு. மழை நாளில் அவர் வெட்டமாட்டார், மரம் அவருடையது, அவரை அனுப்ப ஆளில்லை” என்றார். சொல்லிவிட்டு அடுத்த குழுவைப் பார்க்கப் போய்விட்டார். அறிவும் அதிகாரமும் ஒரே கையில் இருந்தால் மரம் பிழைக்கும் என்பதை இதனினும் சுருக்கமாக ஒரு பொருளாதார நூலும் சொல்லிவிட முடியாது.

ஊர் திரும்பிய பின் இவ்விஷயம் பற்றிச் சில நூல்களைப் புரட்டினோம். 1996ஆம் ஆண்டு மே மாதம் 10, 11ஆம் நாட்களில் எவரெஸ்டில் எழுந்த புயலில் 8 பேர் உயிரிழந்தனர். அவர்கள் மலையேற்றம் அறியாதவர் அல்லர். பலர் அத்தொழிலிலேயே பெயர் பெற்றவர்கள். ஆயினும் இத்தனை மணிக்குள் உச்சியை எட்டாவிடில் திரும்பிவிட வேண்டும் என்று வகுத்திருந்த நேரம் கடந்த பின்னும் பலர் ஏறிக்கொண்டிருந்தனர். பணமும் உழைப்பும் செலவாகிவிட்டன, உச்சி கண்ணுக்குத் தெரிகிறது. அந்நிலையில் கடிகாரம் சொல்வது காதில் விழுவதில்லை. அதற்கடுத்த ஆண்டில் நம்மவர் இருவர் உச்சியைத் தொட்டபோது அவர்களோடு ஷெர்ப்பாக்களும் இருந்தனர். நாம் தேநீர்க் கடையில் கைகுலுக்கிக் கொண்டாடிய அன்று அந்த ஷெர்ப்பாக்களின் பெயரை ஒருவரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

கினபாலுவின் கதையும் இத்தகையதே. அதன் மிக உயர்ந்த சிகரத்துக்கு ஆங்கில அதிகாரி ஹியூ லோ என்பவரின் பெயர் வழங்குகிறது. அவர் 1851இல் அடிவாரத்துக் கியாவ் ஊராரின் துணையோடு மேலே சென்றார். ஆனால் தம் பெயர் தாங்கிய அச்சிகரத்தில் அவர் நின்றதில்லை. 1888இல் ஜான் ஒயிட்ஹெட் என்பவரே அதனை எட்டினார். உச்சியைத் தொடாமல் திரும்பியவரின் பெயர் சிகரத்துக்கு நிலைத்தது. வழிகாட்டிச் சென்ற ஊராரின் பெயர் நிலைக்கவில்லை. திரும்பி வருவது இழிவாயின், அம்மலையின் பெயரே இழிவின் பெயராயிருக்க வேண்டுமன்றோ?

2015ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் காலையில் அங்கே நிலநடுக்கம் ஏற்பட்டு 18 பேர் மாண்டனர். மாண்டவருள் வழிகாட்டிகளும் உண்டு. மேலே சிக்கிக்கொண்ட நூற்றுக்கு மேற்பட்டோரை, பாறைகள் உருண்டுகொண்டிருந்த வழியே இறக்கிக்கொண்டு வந்தவர்கள் வழிகாட்டிகளே. எங்கள் வழிகாட்டி அன்று மலையில் இருந்தாரா என்று நாம் கேட்கவில்லை. “முதலாளி யார்?” என்று கேட்ட வாய்க்கு அதனைக் கேட்கும் தகுதி இருப்பதாகத் தோன்றவில்லை.

இனி மலையேறச் செல்லும் இளைஞர்களுக்குச் சில சொல்வோம். பருத்தியை வீட்டில் வைத்துவிட்டு விரைவில் உலரும் ஆடையும் காற்றுப் புகாத மேலங்கியும் கொண்டு செல்லுங்கள். தலைவலியை மறைக்காதீர்கள்; மறைப்பவன் தன்னை மட்டுமன்றித் தன்னோடு வந்தவர்களையும் ஆபத்தில் ஆழ்த்துகிறான். திரும்பும் நேரத்தை அடிவாரத்திலேயே, மூளை தெளிவாயிருக்கும்போதே, வகுத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டிக்குக் கொடுப்பது உச்சியின் விலையன்று. உச்சியைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் அவர் கூலி ஒன்றே. ஆகவே அவர் “திரும்பு” என்றால் அதில் அவருக்கு ஆதாயம் எதுவுமில்லை. ஆதாயமில்லாதவர் சொல்லும் எச்சரிக்கையைக் கேளாதவர், வேறு யார் சொல்வதைக் கேட்கப் போகிறார்?

இது மலைக்கு மட்டுமான நீதி என்று நாம் கருதவில்லை. நம் வீடுகளிலும் சங்கங்களிலும் பாருங்கள். பணம் கொடுத்தவர் பேசுவார். காரியம் அறிந்தவர் மூலையில் நிற்பார். நோயாளியைப் பத்து நாள் பார்த்த தாதி ஏதேனும் சொன்னால், உறவினர் அவரை விட்டு வேறொருவர் முகத்தைப் பார்ப்பர். கூரை ஒழுகும் என்று கட்டட வேலையாள் சொன்னால், “சொன்னதைச் செய்” என்பர். தாழ்த்தப்பட்டிருந்தவர்கள் உயர்ந்த பின், தம்மைத் தாழ்த்தியவர்களின் குரலைக் கடன் வாங்கிப் பேசுவார்களாயின், உயர்ந்ததன் பயன் என்ன? சுயமரியாதை என்பது பிறர் முன் நாம் மிதிவண்டியை விட்டு இறங்காமலிருப்பது மட்டுமன்று. பிறரை இறங்கச் சொல்லாமலிருப்பதும் ஆகும்.

கினபாலுவில் உச்சியைத் தொட்டவர்க்கு வண்ணச் சான்றிதழ் தருவார்கள். எங்கள் ஐவர்க்கும் கிடைத்தது கருப்பு வெள்ளை. கடைக்கார நண்பர் அதனைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். நாம் பிரிக்பீல்ட்ஸ் வீட்டின் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். வருகிறவர்கள், “ஏறவில்லையா?” என்று கேட்கிறார்கள். “இறங்கினோம்” என்கிறோம். தம்பி மகன் பக்கத்தில் இருந்தால் அவனும் அதனையே சொல்கிறான்.